காய்ச்சல் கணக்கு எடுக்கும் ஆஸ்பத்திரி: ஒரு மழைமானிக்காரனின் விமர்சனம்

ஐப்பசி மழை மூன்று நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்த சமயம் என் வீட்டுக்காரிக்குப் பனி பிடித்தது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்தில் காய்ச்சலைப் பனி என்றுதான் சொல்வோம். முதலில் தடுமன், அப்புறம் இருமல், அப்புறம் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. நல்லமிளகும் சுக்கும் கருப்பட்டியும் தட்டிப் போட்டு இரண்டு நாள் காப்பி குடித்தாள். மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். நாலாம் நாள் ராத்திரி மூச்சு வாங்கத் தொடங்கியதும் மகன் காரை எடுத்தான். நாகர்கோவில் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வேண்டாம். குறையும் சொல்லப் போகிறேன். அங்கே வேலை பார்க்கிற சின்னப் பிள்ளைகளுக்கு என்னால் மெமோ வரக் கூடாது.

வைத்தியம் நன்றாகவே பார்த்தார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், ஆறாம் நாள் நடந்தே கார் வரைக்கும் வந்தாள். அதில் எழுத ஒன்றும் இல்லை. எழுத வந்தது, சேர்த்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு கையில் ஐஸ் பெட்டியும் மறு கையில் கிளிப் மாட்டிய அட்டையுமாகக் கட்டில் பக்கம் வந்து நின்ற பெண்ணைப் பற்றியும், அவள் செய்கிற வேலையைப் பற்றியும்.

"அய்யா, நான் வார்டு நர்ஸ் இல்ல. ஃப்ளூ கணக்கு எடுக்கோம். பாட்டி மூக்குலயும் தொண்டையிலயும் குச்சி விட்டு சாம்பிள் எடுக்கணும். விருப்பம் இருந்தா கையெழுத்துப் போடுங்க. இல்லன்னாலும் வைத்தியத்துல ஒரு குறையும் வராது."

என் வீட்டுக்காரிக்கு ஆக்சிஜன் மாஸ்க்குக்கு உள்ளேயும் வாய் அடங்காது. "இந்தக் குச்சியால எனக்குச் சொகமாகுமா மக்ளே?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்களுக்குன்னு இல்ல பாட்டி, ஊருக்கு" என்றாள். பொய் சொல்லாமல் பதில் சொன்னதற்காகவே நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன்.

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. 31 வருஷம் பொதுப்பணித் துறையில் நீர்ப்பாசனப் பிரிவில் இருந்தேன். அதில் பெரும்பகுதி பேச்சிப்பாறை அணைப் பக்கம். காலையில் எழுந்ததும் பல் தேய்க்கிறேனோ இல்லையோ, மழைமானியைத் திறந்து கண்ணாடிக் குழாயில் ஊற்றி அளவு பார்த்து எழுதிவிட வேண்டும். பழைய சைமன்ஸ் மானியின் வாய் ஐந்து அங்குல அகலம்தான். அந்த ஐந்து அங்குலத்தில் விழுந்த தண்ணீரை வைத்துத்தான் ஒரு மலையடிவாரத்துக்கே மழைக் கணக்கு சொல்வோம். மழை பெய்யாத நாளும் 0.0 என்று எழுதியே ஆக வேண்டும். புதிதாக வந்த பையன்கள் எல்லோரும் அங்கேதான் தவறுவார்கள். மழை இல்லையே, எதற்கு எழுதணும் என்று கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். காலிக் கட்டம் என்றால் மழை இல்லையா, ஆள் வரவில்லையா? பத்து வருஷம் கழித்து அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறவன் என்ன புரிந்துகொள்வான்?

அதனால் அந்தப் பெண்ணின் ரிஜிஸ்டரை எட்டிப் பார்த்ததும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அன்றைக்கு வார்டில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மொத்தம் எத்தனை, அதில் மூச்சு சம்பந்தமான நோயாளி எத்தனை, அதில் எத்தனை பேர் இவர்கள் வைத்திருக்கும் விதிக்குள் வருகிறார்கள், எத்தனை பேரிடம் சாம்பிள் எடுத்தது, எத்தனை பேர் மாட்டேன் என்றார்கள் என்று வரிசையாகக் கட்டம் போட்டிருந்தாள். முந்தின வாரம் ஒரு நாளுக்கு நேராகச் சாம்பிள் கட்டத்தில் '0' எழுதியிருந்தது. காலியாக விடவில்லை. கொள்ளாம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

விதி என்று சொன்னேன் அல்லவா, அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உலக சுகாதார நிறுவனம் வகுத்துக் கொடுத்த விதி. வெளிநோயாளி என்றால் 38 டிகிரி செல்சியசுக்குக் குறையாத காய்ச்சல், நம் வீட்டுத் தெர்மாமீட்டரில் 100.4, அதோடு இருமல், இரண்டும் தொடங்கி பத்து நாளைக்குள். இதற்கு ஐஎல்ஐ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஃப்ளூ மாதிரி நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையில் சேர்க்கும் அளவுக்கு முற்றியது என்றால் சாரி, அதாவது கடுமையான மூச்சுத் தொற்று. இதில் சேரும் நேரத்தில் காய்ச்சல் அடிக்க வேண்டும் என்றுகூட இல்லை, இடையில் அடித்திருந்தாலே போதும். எங்கள் வீட்டில் மாத்திரை போட்டு இறக்கிக்கொண்டு போனதால் அங்கே போனபோது 99தான் இருந்தது. ஆனாலும் சாரிக் கணக்கில் வந்துவிட்டாள். (சாரி என்று அந்தப் பெண் சொல்லும்போதெல்லாம் ஏதோ மன்னிப்புக் கேட்கிறாள் என்றே என் வீட்டுக்காரி நினைத்துக்கொண்டிருந்தாள்.)

விதிக்குள் வருகிறவர்கள் எல்லோரிடமும் சாம்பிள் எடுக்க ஆளும் கிட்டும் போதாது. அதனால் வெளிநோயாளிப் பிரிவில் குறிப்பிட்ட கிழமையில் முதலில் வரும் சில பேர் என்று வைத்திருக்கிறார்கள். ரொம்ப முடியாதவர்களாகப் பார்த்து எடுத்தால் என்ன என்று மகன் கேட்டான். அது பெருமழை நாளில் மட்டும் மானியைத் திறந்து பார்க்கிற கதை என்று அவனுக்கு நானே பதில் சொன்னேன். டாக்டர் கண்ணுக்குப் படுகிற நோயாளியை எடுத்தால் டாக்டரின் கணக்குதான் வரும். வரிசையில் நிற்கிறவரை எடுத்தால் ஊர்க் கணக்கு வரும்.

சரி, குச்சி. கொரோனா காலத்தில் எல்லோரும் பட்டதுதான். கண்ணில் தண்ணீர் வரும், ஒரு தும்மல் வரும், முடிந்தது. நுனியில் செயற்கை இழை வைத்த குச்சி அது. பஞ்சு சுற்றிய மரக்குச்சி ஆகாதாம், சோதனையைக் கெடுத்துவிடுமாம். மூக்குக்கு ஒன்று, தொண்டைக்கு ஒன்று, இரண்டையும் ரோஸ் கலர் திரவம் இருந்த ஒரே குழாயில் ஒடித்துப் போட்டு, மூடியை இறுக்கி, பெயர் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்தாள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், மூன்று நாளைக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். பெட்டிக்குள் ஒரு சின்ன வெப்பமானி தொங்கியது. அதையும் பார்த்து எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோழிக் கிறுக்கல், ஆனால் எழுதினாள்.

2009-ல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது சாம்பிள் எல்லாம் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகிறது என்று பேப்பரில் வாசித்த நினைவு. இப்போது ஆர்டி-பிசிஆர் மெஷின் பக்கத்திலேயே வந்துவிட்டது. கொரோனா விட்டுப்போன சொத்துகளில் அது ஒன்று. இருந்தும் எங்களுக்கு முடிவு வந்தது ஐந்தாம் நாள். ஃப்ளூதான். வைரஸ் ஏ வகை, அதில் எச்3என்2 என்ற உட்பிரிவு. மறுநாள் டிஸ்சார்ஜ். அதையும் யாரும் வந்து சொல்லவில்லை. மகன் இரண்டு தடவை மாடியேறிப் போய்க் கேட்டு வாங்கி வந்தான். இது என் முதல் குறை. ஊருக்காகத்தான் எடுக்கிறீர்கள், சரி. ஆனால் மூக்கைக் காட்டியவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். முடிவு தாமதமானதால் வைத்தியம் தாமதமாகவில்லை. சேர்த்த ராத்திரியே டூட்டி டாக்டர் ஃப்ளூவுக்கான மருந்து ஓசெல்டமிவிர் 75 மில்லிகிராம், காலை ஒன்று ராத்திரி ஒன்று, ஐந்து நாள் என்று தொடங்கிவிட்டார். காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அந்த மருந்துக்கு முழுப் பலன். பிந்தி வந்தாலும், படுக்கையில் சேர்க்கும் அளவுக்கு இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் கொடுக்க வேண்டும் என்பதுதான் முறை. நாங்கள் சுக்குக்காப்பியில் இரண்டு நாளைக் கழித்தவர்கள், தாமதத்தைப் பற்றிப் பேச எங்களுக்கு அவ்வளவு வாய் கிடையாது.

இரண்டாவது குறை ஞாயிற்றுக்கிழமை. எதிர்க் கட்டிலில் குளச்சல்காரர் ஒருவர், கடலுக்குப் போகிறவர், சனிக்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தார். அதே இருமல், அதே காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை சாம்பிள் எடுக்கும் ஆள் கிடையாது. திங்கள் விடியுமுன் அவர் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவர் கணக்கில் இல்லை. அணையில் ஞாயிற்றுக்கிழமை என்று தண்ணீர் ஏறாமல் இருக்குமா? நாங்கள் தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் முறை போட்டு அளவு பார்த்தவர்கள். வார இறுதியில் சேர்ந்தவர்கள் எத்தனை என்றாவது திங்கட்கிழமை எழுதிவைத்தால் பின்னால் கணக்குப் போடும்போது ஈடு செய்யலாம். அதைச் சொன்னேன். அந்தப் பெண் தலையாட்டினாள்.

மூன்றாவது, ஃபாரம் முழுக்க இங்கிலீஷ். அவள் ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்டாள். சுகர் உண்டா, பிரஷர் உண்டா, ஆஸ்துமா உண்டா, கடந்த ஒரு வருஷத்தில் ஃப்ளூ ஊசி போட்டதுண்டா. ஊசி ஒன்று இருப்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். தொழில் என்ற கட்டத்தில் என் வீட்டுக்காரியைக் கேளாமலே 'வீட்டு வேலை' என்று எழுதிவிட்டாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் 80 ரப்பர் மரத்தையும் விடிகாலையில் வெட்டிப் பால் எடுக்கிறவள் அவள்தான். எனக்கு மானி பார்த்த பென்ஷன், அவளுக்கு இன்னும் வேலை. சொன்னதும் அடித்துத் திருத்தினாள். இந்த ஒரு கட்டம் எத்தனை பெண்களுக்குத் திருத்தாமல் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி அந்தத் திட்டத்தைப் பார்க்கிற டாக்டர். மனுஷனுக்கு நேரம் கிடையாது, ஆனாலும் என் தொந்தரவு தாங்காமல் ஒரு மத்தியானம் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினார். இந்த விமர்சனத்தில் நான் அதிக மார்க் கொடுப்பது அந்தக் கால் மணி நேரத்துக்கு. ஆஸ்பத்திரியில் எண்ணிய எண் அப்படியே ஊரின் எண் ஆகாது என்று அவர் முதலிலேயே ஒத்துக்கொண்டார். காய்ச்சல் வந்தவர்களில் பாதிப் பேர் சுக்குக்காப்பியோடு நின்றுவிடுவார்கள், கொஞ்சம் பேர் மருந்துக்கடையோடு, கொஞ்சம் பேர் பக்கத்துக் கிளினிக்கோடு. பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்கு வருகிறவர்கள் கடைசித் துளி.

எங்கள் மாவட்டத்துக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கத்து ஆட்களுக்கு முடியாமல் போனால் வண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் என்றுதான் திரும்பும். அந்தக் காய்ச்சல் எல்லாம் கேரளத்துக் கணக்கில் சேரும். மறுபக்கம் ஆரல்வாய்மொழியைத் தாண்டி பணகுடி, வள்ளியூரிலிருந்து நாகர்கோவிலுக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் நம் கணக்கில் ஏறுவார்கள். 1956 வரை நாங்களே திருவிதாங்கூர்காரர்கள். எல்லைக்கோடு மாறினாலும் நோயாளி போகிற பஸ் ரூட் மாறவில்லை. நீர்ப்பிடிப்புப் பகுதி எது என்று தெரியாமல் வந்த தண்ணீரை மட்டும் அளந்தால் மழைக் கணக்கு வருமா?

அதற்கு வழி என்ன என்றால், வீடு வீடாகப் போய்க் கேட்பது. போன வருஷம் உங்கள் வீட்டில் யாரையாவது மூச்சுத் திணறலோடு படுக்கையில் சேர்த்தீர்களா, எந்த ஆஸ்பத்திரியில்? இந்த ஒரு கேள்விக்குப் போதுமான வீடுகளில் பதில் கிடைத்தால் போதும். சும்மா ஒரு எண்ணுக்குச் சொல்கிறேன், நிஜக் கணக்கு அல்ல என்றார் டாக்டர். ஒரு வருஷத்தில் 40 பேருக்கு ஃப்ளூ உறுதியானது என்று வையுங்கள். சேர்ந்தவர்களில் பாதிப் பேரிடம்தான் சாம்பிள் எடுத்தது என்றால் அது 80. மாவட்டத்தில் அப்படிப் படுக்கிறவர்களில் பாதிப் பேர்தான் இந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்று வீட்டுக் கணக்கு சொன்னால் அது 160. 2011 கணக்குப்படி மாவட்டத்தில் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர். வகுத்தால் லட்சத்துக்கு எட்டு, ஒன்பது பேர். ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுக் காட்டினார். நாங்கள் ஐந்து அங்குல வாயிலிருந்து ஆயிரம் ஏக்கருக்குப் போகிற அதே கணக்கு.

கால் மணி நேரத்தில் அவர் சொன்ன இன்னொரு விஷயம் இன்றைக்கும் என் மண்டையில் சுற்றுகிறது. ஃப்ளூவுக்கு ஒவ்வொரு ஊரிலும் ஒரு பருவம் உண்டாம். ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை, குளிரோடு. டெல்லி, புனே பக்கம் தென்மேற்கு மழையோடு. ஆலப்புழையிலும் அந்த மழையோடுதான். சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர், அதாவது வடகிழக்கு மழையோடு. கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டே! இடவப்பாதி என்கிற தென்மேற்கு மழையும் பெய்யும், ஐப்பசி வடகிழக்கு மழையும் பெய்யும். அதனால்தான் நெல்லில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். அப்படியானால் ஃப்ளூவுக்கும் இங்கே இரண்டு போகமா? ஆலப்புழையைப் பின்பற்றுமா, சென்னையைப் பின்பற்றுமா? பாலமோரில் ஒரு மாதிரியும் மயிலாடியில் வேறு மாதிரியும் மழை பெய்கிற மாவட்டம் இது.

டாக்டர் சிரித்துவிட்டு, "அதுக்குத்தான் அய்யா இந்தக் குச்சி" என்றார். ஒரு வருஷக் கணக்கு போதாது, ஐந்தாறு வருஷமாவது விடாமல் எடுத்தால்தான் உருவம் தெரியும். 2023 தொடக்கத்தில் எச்3என்2 நாடு முழுக்க அடித்ததே, அந்த மாதிரி ஒரு வருஷத்தை மட்டும் வைத்துப் பருவம் சொன்னால் பிசகிவிடும். பருவம் தெரிந்தால் என்ன லாபம் என்றால், ஊசி எந்த மாதம் போடுவது என்று முடிவு செய்யலாம். போட்டு இரண்டு வாரம் ஆகும் அது வேலை செய்ய. மாதங்கள் போகப் போகப் பலம் குறையும். ஆடியில் அடிக்கிற காய்ச்சலுக்குப் புரட்டாசியில் ஊசி போட்டு என்ன பிரயோஜனம்?

ஊசிக்குள் எந்த வைரசைப் போடுவது என்பதும் இந்த மாதிரிக் குச்சிகளிலிருந்துதான் முடிவாகிறதாம். உலக சுகாதார நிறுவனம் 1952-லிருந்து இதற்கென்று ஆய்வகங்களை ஒரு வலையாக வைத்திருக்கிறது. நம் நாட்டுக்கு அதில் புனே வைராலஜி நிறுவனம். வருஷத்தில் இரண்டு தடவை, பிப்ரவரியில் பூமியின் வட பாதிக்கு, செப்டம்பரில் தென் பாதிக்கு, என்று பட்டியல் மாற்றுகிறார்கள். பி வகையில் யமகாட்டா என்று ஒரு கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகத்தில் எங்கேயும் உறுதியாகத் தட்டுப்படவில்லை. அதை ஊசியிலிருந்து எடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள். எடுத்து எடுத்துப் பார்த்து, இல்லை இல்லை என்று எழுதிக்கொண்டே வந்ததால்தானே அதைச் சொல்ல முடிந்தது? 0.0 எழுதுவதன் மதிப்பு அதுதான்.

இனி என் பெரிய குறை. முன்னே சொன்ன மூன்றும் இதற்கு முன்னால் தூசி.

பேச்சிப்பாறை 48 அடிக்கு இன்று எவ்வளவு, பெருஞ்சாணி 77 அடிக்கு எவ்வளவு, சிற்றாறு 18 அடிக்கு எவ்வளவு, சுருளோட்டில், கன்னிமாரில், முள்ளங்கினாவிளையில் நேற்று எத்தனை மில்லிமீட்டர் மழை, இதெல்லாம் மழைக்காலத்தில் பேப்பரைத் திறந்தால் இருக்கும். சாயாக்கடையில் அதை வாசித்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. நான் எழுதின எண் மறுநாள் ஊர் வாயில் இருக்கும். ஆனால் இந்த ஆஸ்பத்திரியில் இவ்வளவு பாடுபட்டு எடுக்கிற எண் எங்கே போகிறது? கம்ப்யூட்டருக்குள். ஃப்ளூநெட் என்று உலக சுகாதார நிறுவனத்தின் பக்கத்தில் இந்தியா முழுவதுக்கும் வாரா வாரம் கம்பம் கம்பமாக வரைந்திருப்பதைப் பேத்தி போனில் எடுத்துக் காட்டினாள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு வேண்டியது இந்தியா அல்ல. இந்த வாரம் இந்த ஆஸ்பத்திரியில் இத்தனை பேரிடம் சாம்பிள் எடுத்தது, இத்தனை பேருக்கு ஃப்ளூ என்று வாசலில் ஒரு கரும்பலகையில் சாக்பீசால் எழுதிவைத்தால் போதும்.

டாக்டரிடம் சொன்னேன். "எழுதினா ஆட்கள் பயந்துருவாங்க" என்றார். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. அணையில் உபரித் தண்ணீர் திறக்கும் முன் கோதையாற்றுக் கரையிலிருந்து குழித்துறை தாண்டிக் கடல் வரைக்கும் எச்சரிக்கை சொல்வோம். யாரும் பயந்து ஊரைவிட்டு ஓடியதில்லை. மாட்டை அவிழ்த்து மேட்டில் கட்டுவார்கள், அவ்வளவுதான். ஃப்ளூ ஏறுகிறது என்று தெரிந்தால் கிழடுகள் கல்யாண வீட்டுக் கூட்டத்துக்கு ஒரு வாரம் போகாமல் இருப்போம். கைப்பிள்ளைக்காரிகள் இருமுகிறவர்களிடம் பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள். எண்ணைச் சொல்லாமல் வைத்திருப்பதால்தான் வாட்ஸப்பில் எவனோ ஒருத்தன் சொல்கிற எண் ஓடுகிறது.

மார்க் கேட்பீர்கள். நோயாளிக்கான சேவை என்று பார்த்தால் ஐந்துக்கு இரண்டரை. அளவு எடுக்கிற நேர்த்தி என்று பார்த்தால் நான்கு. ஞாயிற்றுக்கிழமைக்காக ஒன்றைக் கழித்திருக்கிறேன். உங்கள் வீட்டு ஆளிடம் யாராவது வந்து குச்சிக்குச் சம்மதம் கேட்டால் கொடுக்கலாம், பணம் ஒரு பைசா கேட்கவில்லை. முடிவு எப்போது, யாரிடம் கேட்க வேண்டும் என்று அப்போதே போன் நம்பர் வாங்கிவையுங்கள்.

வீட்டுக்கு வந்த எட்டாம் நாள் எனக்கும் இருமல் பிடித்தது. உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம்கூட, கணக்கில் நானும் வரலாமே என்று. அவர்கள் சாம்பிள் எடுக்கும் கிழமையாகப் பார்த்து பஸ் ஏறி வடசேரியில் இறங்கி, ஓபி சீட்டு வாங்கி, வரிசையில் நின்றேன். அதே பெண்தான். காதில் வைக்கிற தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தாள்.

"99.8 தான் அய்யா இருக்கு. 100.4 வேணும். உங்களுக்கு எடுக்க முடியாது."

"இருமல் இருக்கே மக்ளே, வீட்டுல ஆளுக்கு வந்ததுதானே."

"விதி அப்படி அய்யா."

எங்களுக்கும் ஒரு விதி இருந்தது. ஒரு நாள் மழை 2.5 மில்லிமீட்டர் தொட்டால்தான் அது மழை நாள். 2.4 பெய்தால் சட்டை நனையும், பாதை சகதியாகும், ஆனாலும் மழை நாள் கணக்கில் வராது. எத்தனை பேரிடம் அதற்காகச் சண்டை போட்டிருப்பேன். ஒன்றும் பேசாமல் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன். சாயா சுமார். பருப்பு வடை நன்றாக இருந்தது.